கொள்ளுத் தண்ணியும் ஈயக் கட்டியும்

நம் வயதுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். சளி என்று போனாலும் சரி, கண் மங்குகிறது என்று போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் முதலில் எடை மிஷினில்தான் ஏற்றுகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். எண் எங்கேயோ போய் நிற்கும். கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. எனக்கு எப்போதும் கூடுதல், அண்ணனுக்கு எப்போதும் குறைவு. போன மாதம் இரண்டு பேரும் சேர்ந்து பாலக்காட்டுக்குப் போய் ஏறி இறங்கி வந்தோம். அன்றிலிருந்து எழுபதுகளின் நடுவிலிருந்த அந்த ஒரு வருஷம் மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. எழுதி வைத்துவிட்டால் ஓய்ந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை மட்டும் கோயமுத்தூர் பேச்சில் நடக்கும். கடலைக்காயும் தென்னையும்தான் வெள்ளாமை. அப்பாவுக்கு அதைவிடப் பெரிய வேலை ரேக்ளா. பொள்ளாச்சி, உடுமலை என்று எங்கே வண்டிப் பந்தயம் நடந்தாலும் எங்கள் வீட்டுக் காளைகள் போகும். ஓட்டுவது அப்பாவேதான். ஒட்டிய வயிறும் நரம்பு தெரியும் கைகளுமாக, அந்த வண்டியில் அவர் இருக்கிறாரா இல்லையா என்றே மாடுகளுக்குத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள்.

பந்தயம் ஓட்டுகிறவன் கனமாக இருக்கக் கூடாது. இது அப்பாவுக்கு வேதம். ஒரு தரம் கல்யாண விருந்து தின்றுவிட்டு மறுநாள் ஓட்டினாராம், மாட்டின் மூக்கு நுனி தூரத்தில் தோற்றாராம். அதற்கப்புறம் பந்தயம் நெருங்கினால் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. கொள்ளு வேகவைப்பார்கள். வெந்த கொள்ளு காளைகளுக்கு, அது வெந்த தண்ணீர் அப்பாவுக்கு. அதில் இரண்டு கல் உப்பைப் போட்டுப் பித்தளை டம்ளரில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. ஓடுவது மாடுதானே.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. குழந்தைகளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். "அம்மிணி, நீ போன மாசத்துக்கு ஒரு படி அரிசிக் கனம் கூடீட்டே" என்பார். ஊர்க் குழந்தைகளெல்லாம் வரிசையில் நின்று தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். கன்றுக்குட்டியையும் அப்படியே பார்ப்பார். தராசில் போட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். தினமும் பஸ்ஸில் போய்வந்து கோயமுத்தூரில் பாலிடெக்னிக் படித்தான். படித்தான் என்று சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான். மாலை நேரமெல்லாம் அங்கே ஒரு பட்டறையில் கிடந்தான். அந்தப் பட்டறை முதலாளிக்குப் பந்தயக் கார் பைத்தியம். மோட்டார் பம்பு செய்து சம்பாதிப்பதை அதில் கொட்டுவார் என்று சொல்வார்கள். அவர் தூக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கோ-கார்ட்டை அண்ணன் கேட்டு வாங்கி, தேங்காய் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தான். தரையை ஒட்டி நாலு குட்டிச் சக்கரம், ஓர் இரும்புச் சட்டம், நடுவில் ஒரு சீட்டு, பின்னால் ஸ்கூட்டர் எஞ்சின். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல்பாகம் எப்பங்கண்ணு வரும்?" என்று கேட்டாள்.

ஊர்ச் சாலையில் அதை ஓட்ட முடியாது, கல் தட்டும். நல்லேப்பிள்ளியில் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அரிசி ஆலை இருந்தது. புழுங்கல் நெல் காய வைக்க அங்கே அகலமான சிமெண்டுக் களம். வெயில் காலத்தில் அதில் கால் வைக்க இடம் இருக்காது. மழை பிடித்துவிட்டால் களம் சும்மா கிடக்கும். ஆகவே அண்ணன் கார்ட் ஓட்டப் பழகியதெல்லாம் மழையில்தான்.

"களம் நெல்லு காயறதுக்குங்க மச்சான், உங்க பையன் வழுக்கி வுழுகறதுக்கு இல்லீங்க" என்று மாமா அப்பாவிடம் சலித்துக்கொள்வார். ஆனால் காலியான எண்ணெய் டின்களை வரிசையாக நட்டு வளைவு அமைத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

இப்போதும் ஆடி மழையில் ஈரச் சிமெண்டு வாசம் வந்தால் எனக்கு அந்தக் களம்தான். ஊறவைத்த நெல்லின் புளித்த வாசம் ஒரு பக்கம். பெட்ரோலில் கலந்த விளக்கெண்ணெய் எரிந்து வரும் புகை இன்னொரு பக்கம். பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்தால் நல்லது என்று பட்டறையில் சொன்னார்களாம். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? எங்கள் வயிற்றைச் சுத்தம் செய்யக் காய்ச்சி வைத்திருந்ததைப் பாட்டில் பாட்டிலாக எடுத்துப் போனான். எங்களுக்கும் அதில் சந்தோஷம்தான். கைக்கடிகாரத்தையும் சட்டைப் பையில் இருந்த சில்லறையையும் என் பாவாடை மடியில் போட்டுவிட்டு வண்டியில் உட்காருவான். "பாப்பா, புடி. பத்திரம்." அந்தக் கடிகாரம் பிற்பாடு எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் தோல் பட்டையில் எப்போதும் வேர்வையும் எண்ணெயும் மணக்கும்.

முதலில் அப்பா களத்துப் பக்கமே வரவில்லை. "வைக்கோல் திங்காத சாமானை ஓட்டி என்ன பண்ண?" என்பார். கோயமுத்தூரில் ஒரு மைதானத்தில் நடந்த போட்டியில் அண்ணன் ஜெயித்து ஒரு கப்போடு வந்தான். அடுத்ததிலும் ஜெயித்தான். அதற்கப்புறம் ஒருநாள் அப்பா குடை பிடித்துக்கொண்டு களத்து ஓரத்தில் வந்து நின்றார். அண்ணன் ஈரத்தில் வண்டியின் பின்பக்கத்தை வழுக்கவிட்டு, டின்னை உரசாமல் திரும்புவதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குடையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்தபடி நடந்து போய் அண்ணனை அக்குளில் பிடித்துத் தூக்கினார். மீசை முளைத்த பையனை! அண்ணன் வெட்கத்தில் நெளிந்தான்.

"கனம் ஜாஸ்தி அப்புனு," என்றார் அப்பா. அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்த மார்கழியில் பட்டறை முதலாளி ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். அவர் புதிதாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். சக்கரங்கள் வெளியே தெரிய, ஒற்றை ஆள் மட்டும் உட்காரும் நிஜப் பந்தயக் கார். அடுத்த வருஷம் இளைஞர்களுக்கான போட்டிகளில் அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அவரிடம் கார்ட் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர்: எங்கள் அண்ணன், அவருடைய தங்கை மகன். மெட்ராஸில் தை மாசக் கடைசியில் நடக்கும் கார்ட் போட்டியில் இந்த இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறானோ அவனுக்குக் கார். தங்கை மகனை நான் பார்த்திருக்கிறேன். கன்னம் உப்பி, நல்ல நிறமாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான்.

அப்பா இதைக் கேட்டதும் சிரித்தார். "அவன் தின்னே தோப்பான். நீ பறக்கோணும்னா காத்தாட்டம் இருக்கோணும்" என்றார். அன்று முதல் அண்ணனுக்குச் சோறு நின்றது. காலையில் கொள்ளுத் தண்ணீர். மத்தியானம் உள்ளங்கை அளவு ராகிக் களி. பொழுது சாயும்போது மறுபடி கொள்ளுத் தண்ணீர். அப்பா யாரையும் கொடுமை செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவரும் அண்ணனோடு சேர்ந்து அதையே குடித்தார். தான் நம்பியதைத்தான் மகனுக்குக் கொடுத்தார்.

அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். "ஏனுங்க, வளர்ற புள்ளைங்க. வெறும் தண்ணியக் குடிச்சு எப்பிடீங்க தாங்கும்?"

"ஒரு மாசந்தானே. அப்பறம் உம்பட இஷ்டத்துக்குப் போடு."

அண்ணனும் அழவில்லை, மறுக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அம்மா ஒளித்துக் கொடுத்த முறுக்கை மாட்டுக்குப் போட்டான். நான் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வான். "நீ தின்னு பாப்பா, நான் பாக்கறேன்" என்பான். நான் சோற்றைப் பிசைவதையும் உருட்டுவதையும் பார்ப்பான். பொங்கலன்று எல்லாருக்கும் இலை போட்டார்கள், அவனுக்கும் போட்டார்கள். பரிமாற வந்த அம்மாவைத் தடுத்து இலையின் மேல் கையை விரித்துக் குப்புறப் பிடித்தான். வெற்று இலையின் முன்னால் கடைசிவரை உட்கார்ந்திருந்து, எல்லாரும் எழுந்த பிறகு அதை மடித்து எடுத்துக்கொண்டு போனான். அம்மா அன்று சாப்பிடவில்லை.

உடம்பில் சதை போனதால் வேறு ஒரு தொல்லை. கார்ட்டின் சீட்டு விலாவில் இடிக்கும். குளித்துவிட்டு வரும்போது விலா எலும்பு ஒவ்வொன்றின் மேலும் நீலம் பாரித்திருக்கும். அம்மா மஞ்சள் பற்றுப் போடுவாள். அவன் அப்படியே அதன் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, களத்தில் நெல் பரப்பும் முன்னால் ஓட்டப் போய்விடுவான். மஞ்சள் கறை படிந்த பனியன்கள் கொடியில் காய்வது நன்றாக நினைவிருக்கிறது.

மெட்ராஸுக்கு அப்பாவும் அண்ணனும் போனார்கள், கூட நானும். அம்மாவுக்கு வர மனசில்லை. கடிகாரம் பிடிக்கப் பாப்பா வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்ததால் எனக்கு அந்தப் பாக்கியம். பழைய விமான ஓடுதளம் ஒன்று. வெயில் வெள்ளையாக அடித்தது. ரப்பர் வாசம், அறுவடைக் களம் மாதிரி எங்கு பார்த்தாலும் வைக்கோல் கட்டுகள். "இங்கயும் வைக்கோல் இருக்குது பாரு" என்று அப்பா உற்சாகமாகச் சொன்னார்.

ஓடுவதற்கு முன்னால் எடை பார்த்தார்கள். ஒரு பெரிய தராசு மேடை. வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஆளை அதில் உட்கார வைத்து, இரண்டையும் சேர்த்து நிறுத்தார்கள். அப்பா முன்வரிசையில் போய் நின்றுகொண்டார். மகனின் எடையைப் பார்த்து எல்லாரும் அசந்துபோவார்கள் என்று நினைத்தார் போல. தொப்பி போட்ட அதிகாரி முள்ளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பட்டறை மெக்கானிக் ஓடிப் போய் ஒரு சாக்குப் பையோடு வந்தான். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக எடுத்து, அண்ணனின் சீட்டுக்குப் பின்னால் வைத்துப் போல்ட்டுப் போட்டு முடுக்கினான்.

"என்னத்த வெக்கறீங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஈயமுங்க. கோயமுத்தூர்ல பாக்கமாட்டாங்க, இங்க வண்டியும் ஆளும் சேர்ந்து இத்தனை எடைக்குக் குறையக் கூடாதுன்னு சட்டமுங்க. எல்லார்க்கும் அதேதானுங்க. உங்க பையன் இம்புட்டு ஒல்லியா இருக்கறதால ஈயத்தப் போட்டுத்தான் சரிக்கட்டோணும்."

"அப்ப ஒல்லியா இருந்து ஒண்ணும் பிரயோசனம் இல்லையா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான் மெக்கானிக், திருகைவிட்டுக் கண்ணை எடுக்காமலே. "சாப்புட்டுட்டு வந்திருந்தா அந்தக் கனம் கைக்கு பலமாவாச்சும் இருந்திருக்கும்."

அப்பா ஒரு கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். எடை எவ்வளவு என்று சொல்லவில்லை. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அண்ணன் தராசின் மேலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் எல்லாம் கேட்டது. இறங்கி வந்து அப்பாவின் கையிலிருந்த ஈயத்தை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, மெதுவான குரலில் ஒன்று மட்டும் சொன்னான்.

"அம்மாகிட்டச் சொல்லீராதீங்கப்பா."

பந்தயத்தில் தங்கை மகன்தான் முன்னால் போனான். அண்ணன் பின்னாலேயே துரத்தினான். சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூடியது, வளைவில் அண்ணனின் கை தளர்வது எனக்கே தெரிந்தது. அப்பா வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். முடியப் போகிற நேரத்தில் தங்கை மகனின் வண்டியில் சங்கிலி அறுந்தது. வண்டி உருண்டுபோய் ஓரத்தில் நிற்க, அண்ணன் தாண்டிப் போனான். இப்படித்தான் அந்தக் கார் அண்ணனுக்குக் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், அம்மாவிடம் தானே போய் எல்லாவற்றையும் சொன்னது. சொல்லாதே என்று மகன் கேட்டுக்கொண்டதைக்கூடச் சேர்த்துச் சொன்னார். அம்மா அடுப்பில் காளைகளுக்காக வெந்துகொண்டிருந்த கொள்ளுப் பானையைத் துணி பிடித்து இறக்கி, நேரே கொண்டுபோய்க் குப்பைக் குழியில் பானையோடு போட்டாள். பிறகு உலை வைத்தாள். பச்சரிசிச் சோறும் பருப்பும் நெய்யும் போட்டு அண்ணனுக்கு இலை வைத்தாள்.

அண்ணன் இரண்டு கவளம் எடுத்தான். போதும் என்றான்.

நாங்கள் எல்லோரும் வயிறு சுருங்கிவிட்டது, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தோம். சரியாகவில்லை. புதுக் கார் வந்தது. சிவப்பு நிறம், மூக்கு நீண்டு, அண்ணன் உள்ளே இறங்கினால் தலை மட்டும் வெளியே தெரியும். ஸ்டீயரிங் கல் மாதிரி கனம். மூன்று வேளையும் தின்றுவிட்டு வா, இதற்குத் தோளில் பலம் வேண்டும் என்று முதலாளியே சொல்லி அனுப்பினார். அண்ணன் சரி சரி என்பான். போட்டி நெருங்கினால் சோற்றை ஒதுக்கிவிடுவான். வீட்டில் கொள்ளு வேகவைப்பது நின்றுவிட்டதால் பட்டறையிலேயே ஸ்டவ்வில் வைத்துக் குடிக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

அப்பா அவன் எதிரில் உட்கார்ந்து கெஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன். யாரையும் கெஞ்சி அறியாத மனுஷன். "சாப்புடு சாமி. நாந்தான் தெரியாமச் சொல்லீட்டேன். மாட்டு வண்டிக் கணக்க இதுக்குப் போட்டுட்டேன்."

"எடைக்காக இல்லீங்கப்பா" என்றான் அண்ணன், பொறுமையாக. "வயிறு காலியா இருந்தா வளைவு மெதுவா வருதுங்க. எல்லாம் தெளிவாத் தெரியுது. தின்னா மசமசன்னு ஆயிருதுங்க. மெட்ராஸ்ல அப்பிடித்தானுங்களே ஜெயிச்சேன்."

"அங்க சங்கிலி அறுந்துதுடா!"

அவனுக்கு அப்பா கொடுத்ததை அப்பாவாலேயே திருப்பி வாங்க முடியவில்லை. இது ஒரு நோய் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. பையன் பிடிவாதக்காரன் என்றார் மாமா. கண் பட்டிருக்கும் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். சொல்லப்போனால் அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே, என் மகள் காலேஜில் படிக்கும்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை புரியவில்லை.

அந்தக் காரில் சில போட்டிகள் ஓட்டினான். நாலாவதாக வந்தான், ஆறாவதாக வந்தான். முதல் பாதியில் எவனாலும் அவன் பக்கத்தில் வர முடியாது, பிற்பாதியில் வருகிறவன் எல்லாம் தாண்டிப் போவான். பேப்பரில்கூட ஒரு தரம் அவன் படம் வந்தது. கடைசியாக ஓட்டியது சித்திரை வெயிலில், கோயமுத்தூரை அடுத்து ஓரிடத்தில். பக்கம்தான் என்பதால் குடும்பமே போனோம். அம்மா தூக்குப்போசியில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் அதை வாங்கி, "ஓட்டீட்டு வந்து சாப்புடறனுங்கம்மா" என்று என்னிடம் கொடுத்தான். கடிகாரத்தையும் கொடுத்தான்.

பாதிப் பந்தயத்தில் சிவப்புக் கார் வளைவில் திரும்பவில்லை. வழுக்கவில்லை, பிரேக் சத்தம்கூட இல்லை. நேராகப் போய் வைக்கோல் கட்டுகளுக்குள் நுழைந்து நின்றது. அண்ணன் மயங்கியிருந்தான்.

தடுக்கிறவர்களைத் தள்ளிவிட்டு அப்பா ஓடினார். குனிந்து, அக்குளில் கை கொடுத்து, அவனைத் தூக்கினார். ஒரே வீச்சில் வந்துவிட்டான். அவ்வளவு சுலபமாக வருவான் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை, பின்னால் சாய்ந்து தடுமாறினார். தூக்கியவர் கீழே விடவே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை வைக்கோலுக்கு நடுவில் அவனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். மணிக்கட்டு இரண்டும் முறிந்திருந்தது, மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை. தூக்குப்போசி என் கையில் அப்படியே இருந்தது.

காரைத் தங்கை மகன் ஓட்டப் போனான். நன்றாகவே ஓட்டினான் என்று கேள்வி. அப்பா அந்த வருஷமே காளைகளை விற்றார். அதன்பின் எந்தக் குழந்தையையும் தூக்கிப் பார்த்து எடை சொன்னதில்லை. பிற்பாடு என் மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடினால், அவர் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்வார், நின்று தூக்கமாட்டார். குழந்தைக்குத் தாத்தா முட்டிவலிக்காரர் என்று சொல்லி வைத்தோம். அவர் சாகும்வரை அண்ணனுக்கு இலை போடும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் எத்தனை வாய் எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் ஊரோடு வந்து தோப்பைப் பார்த்துக்கொண்டான். கல்யாணம் செய்தான், ஒரு பையனை வளர்த்துப் படிக்க வைத்தான். அண்ணியும் போராடிப் பார்த்துக் களைத்து, முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என் முறை. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

போன மாதம் எடை மிஷின் முன்னால் அவன் முறை வந்தது. அங்கிருந்த மலையாளத்து நர்ஸ் பெண் செருப்பை மட்டும்தான் கழற்றச் சொன்னாள். அண்ணன் செருப்பைக் கழற்றினான். கண்ணாடியைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்த சில்லறை, சாவி, கைபேசி எல்லாவற்றையும் எடுத்தான். கடைசியில் கைக்கடிகாரத்தையும் அவிழ்த்து எல்லாவற்றையும் என் கையில் வைத்தான்.

"பாப்பா, புடி. பத்திரம்."

ஏறி நின்றான். அந்தப் பெண் எண்ணைப் பார்த்துவிட்டு, "அச்சா, பின்னேயும் குறஞ்ஞல்லோ" என்று, பெற்ற அப்பாவிடம் சொல்வதுபோல் நிஜமான கவலையோடு சொன்னாள். போன தடவையைவிடவும் குறைந்திருந்தது.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். எழுபது தாண்டிய அந்த முகத்தில், ஒரு நொடி, கப்போடு வீட்டுக்கு வந்த நாளின் சிரிப்பு இருந்தது.

நான் கடிகாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.